நாற்பத்தோரு கல்

எங்கள் வீட்டில் புட்டி மூடி திறப்பது அக்காவின் வேலை. மாடி ஏறுவது என் வேலை. இந்தப் பாகப்பிரிவினையை நாங்கள் உட்கார்ந்து பேசிச் செய்துகொள்ளவில்லை. எங்கள் மூட்டுகள் செய்துவைத்தன. முப்பத்தாறு வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்து, இருபத்தைந்து பேருக்கு மூன்று வேளையும் கிண்டிக் கிளறி, என் இரண்டு கட்டைவிரல்களின் அடிமூட்டுகளும் தேய்ந்துவிட்டன. பப்பாளிக்காய் ஊறுகாய்ப் புட்டிகூட எனக்கு மசியாது. அக்காவிடம் நீட்டினால் ஒரே திருகு. நாற்பது வருடம் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிய கை அது. ஆனால் அவளுடைய முழங்கால்கள் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. மாடியில் காயும் துணி, பரணில் இருக்கும் பானை, எது வேண்டுமென்றாலும் கீழிருந்து ஒரு சத்தம் வரும்.

"டேய் கிளெத்தோ! கால் இருக்கிற மகராசா! கொஞ்சம் ஏறு."

ஏறிவிட்டு வந்தால் பாராட்டும் கிடைக்கும்.

"நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சு ஒழுங்கா மாட்டுனா ஒரு முழு ஆளு தேறும்டா."

"மிச்சத்த என்ன செய்றது?"

"உன் வாய் ஒண்ணுதான் மிஞ்சும். அத இனாமாக் குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்."

அக்காவின் ஞானஸ்நானப் பெயர் பிரிமித்திவா. இந்தக் கடற்கரை ஊரில் அவள் எல்லாருக்கும் திபாங். வயது அறுபத்தொன்பது. நான் ஐந்து வயது இளையவன். அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன். மனைவி முந்திக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைகள் இரண்டும் மணிலாவில். கப்பலை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகிறது.

இந்த வருடம் தவக்காலத்தில்தான் விஷயம் முற்றியது. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. அக்கா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். ஏதோ உருக்கமான வேண்டுதல் போலிருக்கிறது என்று நான் வெளியே போய் ஒரு கோப்பை காப்பி குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் உட்கார்ந்திருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால் வேண்டுதலும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த கை வெளுத்திருந்தது.

"கூப்புட்டிருக்கலாம்ல?"

"கோயிலுக்குள்ள கத்தச் சொல்றியா? நீதான் காப்பி மோந்துக்கிட்டு ஓடிட்டியே."

கோயில் பிள்ளையும் நானும் சேர்ந்து தூக்கினோம். அவள் தொடை என் கைக்கு அகப்பட்டபோது எனக்குத் திக்கென்றது. ஆள் பெருத்திருந்தாள். தொடை மட்டும் சூம்பிப்போயிருந்தது.

அது எப்படி என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடந்த அக்டோபரில் டவுன் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, மூட்டு தேய்ந்திருக்கிறது, வலது பக்கம் கொஞ்சம் அதிகம் என்று சொன்னார். அதோடு தசைப் பயிற்சிக்குச் சீட்டும் எழுதிக்கொடுத்தார். தேய்மானம் என்ற ஒற்றைச் சொல்லைத்தான் அக்கா காதில் வாங்கினாள். பயிற்சிச் சீட்டு மாதா படத்துக்குப் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் நடப்பதை விட்டுவிட்டாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். மீன் வாங்க நான், தண்ணீர் பிடிக்க நான். வலிக்கிறது போலிருக்கிறது என்று நானும் ஓடி ஓடிச் செய்தேன். செய்து கெடுத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் சீட்டைத் தேடி எடுத்து, அவளை வண்டியில் ஏற்றி, பயிற்சி கொடுக்கும் காதிக்பாக் அம்மாவிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயதிருக்கும். பெரிய உடம்பு, பெரிய குரல். அக்கா உள்ளே நுழைந்த விதத்தைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"கம்ப எந்தக் கையில பிடிச்சிருக்கீங்க?"

"வலது கையில. வலது கால்தான வலிக்குது?"

"அதான் தப்பு. எல்லாரும் பண்ற தப்பு. வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில பிடிக்கணும். அப்பத்தான் பாரம் குறையும். மாத்துங்க."

அக்கா மாற்றிப் பிடித்து நாலடி வைத்தாள். முகத்தில் ஆச்சரியம் எட்டிப் பார்த்தது. அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று உடனே உதட்டைச் சுழித்துக்கொண்டாள்.

"எதனால வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க?"

"பாஸ்மாதான். ஒரு நாள் இஸ்திரி போட்ட சூட்டோட மழைத் தண்ணியில கால நனைச்சேன். அம்மாவுக்கும் அப்படித்தான் வந்துச்சு."

எங்கள் ஊரில் மூட்டு வலிக்கு வேறு காரணமே கிடையாது. உடம்பு சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் பட்டால் நரம்பு கோபித்துக்கொள்ளும், அதுதான் பாஸ்மா. இதை நம்பி அம்மா, துணி துவைத்த நாட்களில் இருட்டும்வரை கை கழுவ மாட்டாள். காதிக்பாக் அம்மாவும் இதே ஊர்தானே, சிரிக்கவில்லை.

"சரி, நடக்குறத ஏன் நிறுத்துனீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இருக்கிறதே கொஞ்சம். கண்டபடி நடந்து அதையும் தேச்சுட்டா அப்புறம் வேணுங்கிறப்ப என்ன செய்றது? அதான் மிச்சம் புடிச்சு வச்சிருக்கேன்."

"முட்டி என்ன சோப்புக் கட்டியாக்கா, தண்ணி படாம வச்சா மிச்சமாகுறதுக்கு?" காதிக்பாக் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். "மூட்டுக்குள்ள இருக்கிற ஜவ்வுக்குத் தனியா ரத்தக் குழாய் இல்ல. நீங்க கால மடக்கி நீட்டுறப்பத்தான் அது தனக்கு வேண்டியத உறிஞ்சுக்கும். நீங்க ஆறு மாசமா அதைப் பட்டினி போட்டிருக்கீங்க. தாங்கிப் பிடிக்கிற தொடைச் சதையையும் கரைச்சிட்டீங்க. தேஞ்சது திரும்ப வளராது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா சதை ஏறுனா வலி பாதியாக் குறையும். நடக்கிறப்ப கொஞ்சம் வலிச்சா, உள்ள ஏதோ ஒடையுதுன்னு அர்த்தமில்ல. மறுநாளும் வலி நின்னாத்தான் அதிகமாப் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம்."

வேணுங்கிறப்ப என்றாளே, எப்போது வேண்டும், எதற்கு வேண்டும் என்று அந்த அம்மா கேட்கவில்லை. எனக்குத் தெரியும். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் திருவிழா.

எனக்கு ஐந்து வயதில் டைபாய்டு கண்டு, பிழைக்க மாட்டேன் என்று ஆகிவிட்டதாம். அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், என் உயிர் உள்ளவரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் வருகிறேன் என்று. எங்கள் கோயில் நடுப்பாதையில் கருங்கல் பாவியிருக்கிறது. வாசற்படியிலிருந்து பீடத்தடிவரை நாற்பத்தோரு கல். முழங்கால் தேயாமலிருக்க, மைதா மூட்டையைப் பிரித்துத் துவைத்த துணிகள் இரண்டு. ஒன்று முட்டிக்கு அடியில் இருக்கும்போது இன்னொன்றை முன்னால் விரிக்க வேண்டும். முட்டி தாண்டியதும் பின்துணியை எடுத்து மறுபடி முன்னால். அந்த வேலை வீட்டுப் பிள்ளைகளுடையது. பத்து வயதில் அக்கா அதைத் தொடங்கினாள்.

இன்றும் கண்ணை மூடினால் அந்தக் காலை அப்படியே வரும். மெழுகுதிரியும் வியர்வையும் சம்பங்கிப் பூவும் கலந்த வாசனை. வெளியே பித்தளை வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கும் சத்தம். வாழையிலையில் சுற்றி அவித்த சுமான் என்ற அரிசிப் பலகாரம் வீட்டில் காத்திருக்கிறது என்ற நினைப்பு. நடுப்பாதையில் அம்மா, முக்காடு போட்டுக்கொண்டு, மெதுவாக. அவளுக்கு முன்னால் குனிந்து குனிந்து அக்கா. துணியில் ஒட்டிய 'மாவு' என்ற அச்சு எழுத்து அம்மாவின் முட்டிக்கு அடியில் மறைந்து மறைந்து தெரியும்.

எனக்குப் பதினோரு வயதானபோது அம்மா சொன்னாள்.

"இந்த வருசம் நீயும் துணி போடுடா. உனக்காகத்தான வர்றேன்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பள்ளிக்கூடத்துப் பயல்கள் எல்லாம் பக்கத்துப் பெஞ்சில் இருப்பார்கள். அம்மா வாசற்படியில் மண்டியிடும் நேரம் பார்த்து நழுவி, வாத்தியக்காரர்களின் பெரிய முரசுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாரும் திட்டவில்லை. அன்றைக்கும் அக்காதான் துணி போட்டாள். எனக்கு இரண்டு சுமான் கூடவே கிடைத்தது. அதற்கப்புறம் அம்மா என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு இருபத்தைந்து வயதில் அம்மா போய்விட்டாள். மறுவருடம் நான் கப்பலேறினேன். அந்தத் திருவிழாவிலிருந்து அக்கா முழங்காலில் வர ஆரம்பித்தாள். அம்மாவின் நேர்த்திக்கடன் பெண்ணுக்கு இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அது சகஜம்.

அந்த நாட்களில் கடுதாசிக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவோம். திருவிழா முடிந்ததும் அக்காவின் கேசட் வரும். பக்கத்து வீட்டுப் பெண் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து பதிவு செய்திருப்பாள். மணியோசை, பாட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இராது. 'சரக்… சரக்…' என்று துணி கல்லில் உரசும் சத்தம் மட்டும். நான் அந்த இடத்தை வேகமாக ஓட்டிவிட்டு ஊர்ச் செய்திக்குப் போய்விடுவேன். பிறகு போன் வந்தது. ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டுக் கிண்டல் செய்வேன்.

"என்னக்கா, இந்த வருசம் எத்தன கல்லு? முட்டி இன்னும் இருக்கா?"

"நாப்பத்தொண்ணு. உன் வாய்க்கு இன்னும் பூட்டு கெடைக்கலையா?"

இப்போது நினைத்தால் அந்த வாயை நானே தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பயிற்சி மார்ச்சில் ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. அக்கா எண்களை நம்பவில்லை. அருள் நிறைந்த மரியேயில் பாதி சொன்னால் பத்து ஆகிறது என்று கண்டுபிடித்தாள். பிறகு செபமாலையையே கையில் எடுத்துக்கொண்டு, மணிக்கு ஒரு கால் என்று ஐம்பத்து மூன்று மணியும் உருட்டிவிட்டாள். மறுநாள் முழங்கால் பூசணிக்காயாக நின்றது. காதிக்பாக் அம்மா கத்தினார்.

"பத்துத் தடவ போதும்னு சொன்னேன்ல? யாரு அம்பத்து மூணு கேட்டா?"

"பாதியில நிறுத்துனா செபம் சேராதே."

"செபத்த முடிங்க. கால இறக்கிக்கிட்டு முடிங்க!"

அதன்பிறகு கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற பயிற்சி. முதல் நாள் ஒரு தடவைகூட முடியவில்லை. நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தினோம். ஒன்று வந்தது. மே மாதத்தில் தலையணை இல்லாமல் எட்டு. காலையில் வெந்நீர்த் துணி ஒற்றி, பிறகு படகுத்துறைவரை நடை. துறையில் உட்கார்ந்து பழைய ஆட்களோடு ஊர் வம்பு, திரும்பி நடை. எடையைக் குறைக்கச் சொன்னதால் சோற்றைக் குறைத்தேன். அதற்காக என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. கப்பலில் ஒரு கேப்டன்கூட நான் போட்ட தட்டை அவளைப் போல முறைத்ததில்லை.

"கப்பல்ல எல்லாருக்கும் போட்டியே, கூடப்பொறந்தவளுக்கு எண்ணிப் போடுறியா?"

"குறைஞ்சா முட்டிக்குத்தான் சுகம்."

"என் முட்டி தின்னுதா இல்ல வயிறு தின்னுதா?"

ஆனாலும் ஜூலையில் அவள் தானாகவே மாடி ஏறினாள். நான் சமையலறையில் இருந்தேன். தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மாடியில் நின்றுகொண்டு, கடலைப் பார்த்தபடி, இரண்டு வருடமாக மாடியிலிருந்து பார்க்காத கடலாம் அது, அழுதுகொண்டிருந்தாள்.

"ஏறுறப்ப நல்ல கால் முதல்ல, இறங்குறப்ப வலிக்கிற கால் முதல்ல. மறந்துராத" என்றேன்.

"தெரியும்டா. நீ கீழ போய்க் கருகுறதப் பாரு."

மீன் கருகித்தான் போனது.

ஆகஸ்டில் என் வாய் வேலையைக் காட்டியது. காதிக்பாக் அம்மா அக்காவைப் பாராட்டிக்கொண்டிருந்தார். நான் பெருமையில், "திருவிழாவுக்கு முட்டி போட்டு நாப்பத்தோரு கல்லும் போயிருவா பாருங்க" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது.

"கருங்கல்லு மேலயா? அவ்வளவு தூரமா?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன்.

"அக்கா, உங்க கால், உங்க சாமி. நான் தடுக்க மாட்டேன்" என்றார் காதிக்பாக் அம்மா. குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது. "ஆனா உள்ளத சொல்லிர்றேன். மொத்த பாரமும் முட்டியோட முன்பக்கத்துல, கல்லு மேல விழும். வீங்கும். வாரக்கணக்குல கட்டில்தான். திரும்பச் சதை கரையும். அஞ்சு மாசமா ஏறுன மாடிய மறுபடி முதல்லேருந்து ஏறணும். இந்த வயசுல திரும்ப ஏறுவீங்களா, எனக்குத் தெரியாது."

வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கத்தினேன்.

"அம்மாவோட நேர்த்திக்கடன் அம்மாவோட போச்சு! உயிர் உள்ளவரைன்னுதான நேந்தா? ஒனக்கென்ன வந்துச்சு? எனக்கு வந்த காய்ச்சலுக்கு அறுபது வருசமா ஒரு குடும்பமே முட்டி தேய்க்கணுமா?"

"அது அம்மாவோடது. இது என்னோடது."

"என்ன உன்னோடது?"

நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை ஊன்றாமல் உட்கார்ந்ததைக் கவனித்தேன்.

"நீ மொத மொத கப்பலுக்குப் போன அன்னிக்கு, துறையிலேருந்து நேரா கோயிலுக்குப் போனேன். அம்மாவும் இல்ல, நீயும் போற. தாயே, இவன் திரும்பி வந்து நம்ம வீட்டுலயே தங்குற வரைக்கும் வருசா வருசம் முட்டி போட்டு வர்றேன். அவன் தன் கால்ல நடந்து வந்து சேந்துட்டா, கடைசியா ஒரு தடவ வந்து, வந்துட்டான்னு சொல்லிர்றேன்னு நேந்துக்கிட்டேன்."

நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"நீ வந்து ரெண்டு வருசம் ஆச்சு. மொத வருசம் புயல்ல கோயில் கூரை போயி, திருவிழாவ பள்ளிக்கூடத்துல வச்சாங்க. போன வருசம் வாசப்படியில முட்டி வச்சேன். உயிரே போச்சு. தலைவலின்னு உங்கிட்டச் சொல்லிட்டுத் திரும்பிட்டேன். நீ வந்துட்டேன்னு இன்னும் அவகிட்ட சொல்லலடா. இந்த முட்டி மொத்தமாப் போறதுக்குள்ள சொல்லிரணும். அதுக்குத்தான் மிச்சம் புடிச்சேன்."

முப்பத்தாறு வருடம். புயலில் சிக்கி அட்லாண்டிக்கில் இரண்டு நாள் அடுப்பு மூட்ட முடியாமல் கிடந்திருக்கிறேன். ஆப்பிரிக்கக் கரையில் கொள்ளைக்காரர்கள் ஏணி வைத்த கப்பலில் இருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் என் சாமர்த்தியம் என்று துறைமுகச் சாராயக்கடைகளில் அளந்திருக்கிறேன். இங்கே ஒருத்தி எனக்காகக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை எனக்கு அனுப்பியும் வைத்தாள். நான் அதை ஓட்டிவிட்டேன். அன்றைக்கு மாடியில் போய் நின்றுகொண்டு ஒரு குழந்தையைப் போல அழுதேன். அறுபத்து நாலு வயதில் அழுவது அசிங்கமாகத்தான் இருக்கும். கடல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பங்குச் சாமியாரிடம் போனேன். முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர். உடம்புக்கு ஆகாத நேர்ச்சையை மாற்றிக்கொள்ளலாம், காலால் நடந்து வந்தாலே போதும், நான் மாற்றித் தருகிறேன் என்றார். வீட்டில் வந்து சொன்னேன்.

"மாதாகிட்ட நான் சொன்னத அவரு எப்படிறா மாத்துவாரு? நான் நேந்தப்ப அவரு பொறக்கவே இல்ல."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"முட்டி போட்டு வருவேன். வீங்குனா வீங்கட்டும்."

அதற்குமேல் அவளிடம் பேச முடியாது. பேசிப் பயனில்லை என்று எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும்.

செப்டம்பர் எட்டு. இரண்டாம் பூசை முடிந்திருந்தது. வெளியே வாத்தியக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் மாறிவிட்டார்கள், முரசு மட்டும் அதேதான் என்று நினைக்கிறேன். அக்கா கம்பை இடது கையில் பிடித்துக்கொண்டு வாசற்படிவரை நடந்துவந்தாள். பையிலிருந்து இரண்டு துணிகளை எடுத்தாள். அம்மாவின் மைதாத் துணி. எழுத்து அழிந்து, நைந்து, ஓரம் தைத்துத் தைத்துத் தடித்திருந்தது.

"நீ போட வேணாம். உனக்கு வெக்கமாருக்கும். பக்கத்து வீட்டுப் பொண்ண வரச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

ஐம்பத்து மூன்று வருடத்துக்கு முந்தின முரசு என் நெஞ்சுக்குள் அடித்தது. பதினோரு வயதுப் பயல் ஒளிந்துகொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துணிகளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவள் கம்பைச் சாய்த்து, பெஞ்சைப் பிடித்து, குனிய ஆரம்பித்தாள். அதற்குள் நான் முதல் கல்லில் துணியை விரித்து, அதன்மேல் மண்டியிட்டுவிட்டேன்.

"டேய், என்னடா பண்ற?"

"புட்டிய நீ திறக்குற. மாடிக்கு நான் ஏறுறேன். இதுவும் அப்படித்தான். எனக்கு முட்டி நல்லாருக்கு. உனக்கு இப்பக் காலு இருக்கு. நீ நட. நான் முட்டி போட்டு வர்றேன்."

"நேந்தது நானு!"

"வந்து சேந்தது நானு. வந்துட்டேன்னு நான் வராம எப்படிச் சொல்லுவ?"

அவள் பெஞ்சைப் பிடித்து நிமிர்ந்து, சாய்த்து வைத்த கம்பை எடுத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு கல் தாண்டியதும் சிக்கல். பின்னால் கிடந்த துணியை எட்டி எடுக்க வேண்டும். என் கட்டைவிரல்கள் அதைப் பிடிக்கவே இல்லை. கிள்ளி எடுக்கப்போனால் சுரீரென்று முழங்கைவரை இழுத்தது. தடுமாறினேன். தலைக்கு மேலே ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஒரு துணி எடுக்கத் துப்பில்ல. முட்டி போட வந்துட்டான்."

கம்பைத் தலைகீழாகத் திருப்பினாள். வலது கையால் பெஞ்சுத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கம்பின் வளைந்த பிடியால் பின்துணியைக் கொக்கி போட்டு இழுத்து, என் முன்னால் தள்ளினாள். கம்பு நுனியால் ஓரங்களை நீவிவிட்டாள். சுருக்கமே இல்லாமல். பத்து வயதில் கற்ற வேலை.

"ம். நகரு."

அப்படியே போனோம். ஒவ்வொரு கல்லுக்கும் அவள் ஓரடி வைப்பாள், நிற்பாள், துணியைத் தள்ளுவாள். நான் நகர்வேன். பதினைந்தாவது கல்லிலேயே என் நல்ல முழங்கால்கள் எரிய ஆரம்பித்தன. துணி இருந்தும் கல்லின் ஒவ்வொரு மேடும் எலும்பில் தட்டியது. பெஞ்சுகளில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகர்ந்தேன். அப்போதுதான் எனக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சரக்… சரக்… இந்த முறை ஓட்டிவிட வழியில்லை. முப்பத்தாறு வருடம் கேசட்டை ஓட்டியும் போனில் கிண்டலடித்தும் தப்பித்ததையெல்லாம் உட்கார்ந்து முழுசாகக் கேட்பதுபோல ஒவ்வொரு கல்லாய்க் கேட்டேன்.

முப்பதாவது கல்லில் அக்கா நின்றாள். மூச்சு வாங்கியது.

"வலிக்குதா?"

"கொஞ்சம். நாளைக்கும் வலிச்சாத்தான் அதிகம்னு அர்த்தம். உனக்கு?"

"ரொம்ப."

"நல்லா வலிக்கட்டும்" என்றாள். துணியை என் முன்னால் தள்ளினாள்.

நாற்பத்தொன்றாவது கல்லில் பீடத்தடி. நான் குனிந்து நெற்றியைப் படியில் வைத்தேன். எழுந்திருக்கத் தெரியவில்லை, தெரிந்தாலும் தெம்பில்லை. அக்கா எனக்குப் பக்கத்தில், எதையும் பிடிக்காமல், இரண்டு காலிலும் நின்றாள். கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினாள். மேலே மாதா சுரூபத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"தாயே, வந்துட்டான். நடந்து வருவான்னுதான் உங்கிட்ட சொல்லியிருந்தேன். முட்டி போட்டு வந்திருக்கான், பாத்துக்க."